பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் குறைந்த விலை எஸ்எஸ்டி: வரிசை தவறாமல் மாற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

எட்டுப் பத்து ஆண்டுகள் பழகிய மடிக்கணினியோ மேசைக்கணினியோ வைத்திருப்பவர், அதிலுள்ள ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு விலை குறைந்த எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றைத் தாமே மாட்டிக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் தெரிந்தவர்களின் கணினிகளில் இந்த வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். புதியவர்கள் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூ கழற்றுவதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்க யூஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று (சாட்டா என்பது கணினிக்குள் டிஸ்கை இணைக்கும் முறை), 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்று, சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பேக்கப் எடுத்துவைக்க வேறொரு டிஸ்க், அரைநாள் தடையில்லாத மின்சாரம். கடைசியில் சொன்னதை எளிதாக எண்ண வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளா என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்துப்போன மடிக்கணினியும் யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

1. பழைய டிஸ்கின் நிலையை முதலில் பாருங்கள்

எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைத்துள்ள ஸ்மார்ட் குறிப்புகள் பட்டியலாகத் தெரியும். அதில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகள் போதும். கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கிவிட்டு வேறிடத்துக்கு மாற்றிய செக்டர்களின் (தகவலைப் பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை 05 வரியில் இருக்கும். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை சி5 வரியிலும், சரிசெய்ய முடியாதவை சி6 வரியிலும் இருக்கும். மூன்று வரிகளிலும் கடைசியில் உள்ள எண் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் இங்கே சொல்லும் வரிசைப்படியே போகலாம்.

சி5 வரியில் எண் ஏதேனும் இருந்தால் வரிசை மாறுகிறது. அப்போது குளோன் செய்யும், அதாவது டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும், எண்ணத்தை விட்டுவிட்டு, மிக முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். குளோன் என்றால் டிஸ்கில் தகவல் உள்ள பகுதி முழுவதையும் ஓய்வின்றிப் படிப்பது. நலிந்த டிஸ்க் அந்த உழைப்பைத் தாங்காமல் நடுவழியில் நின்றுவிடக்கூடும். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நண்பரின் கணினியில் அந்த எண்ணைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் இரவில் குளோனை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் டிஸ்க் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. முதலிலேயே பத்து நிமிடத்தில் நகலெடுத்திருக்கக்கூடிய அவருடைய குடும்பப் படங்களில் பாதிக்குமேல் வரவில்லை.

அதே பட்டியலில் சி7 என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் பழுது டிஸ்கில் இல்லை, கேபிளில் இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றால் இணைப்பு முனைகள் மங்கிப்போவதுண்டு. கேபிளை மாற்றிவிட்டு எண் நின்றுவிட்டதா என்று பாருங்கள். அந்த மங்கிய கேபிளிலேயே புதிய எஸ்எஸ்டியை மாட்டினால் அதுவும் காரணம் தெரியாமல் திணறும்.

2. எந்த வேலையில் வேகம் கூடும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குபவர்கள்தான் பிறகு ஏமாந்தோம் என்கிறார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் விநாடிக்கு 500 எம்பி, 550 எம்பி என்ற எண்களைவிடக் காத்திருக்கும் நேரமே முக்கியம்.

நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் மடிக்கணினி ஹார்ட் டிஸ்கில் தகடு ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 11 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய இடம் தகவலைப் படிக்கும் முள்ளுக்கு நேராக வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி; முள் அந்தத் தடத்துக்கு நகர்வதற்கு மேலும் பத்து மில்லி விநாடிக்கு மேல். ஆகச் சிதறிக்கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு அறுபது, எழுபது முறைதான் எடுத்துத் தர முடியும். ஒரு துண்டு 4 கேபி என்றால், விநாடிக்கு 300 கேபிகூடத் தேறாது. விண்டோஸ் எழும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் நடப்பது பெரும்பாலும் இப்படிச் சிறு துண்டுகளைப் பொறுக்குவதுதான். மலிவான எஸ்எஸ்டியிலும் சுழலும் தகடோ நகரும் முள்ளோ இல்லாததால், அதே துண்டு ஒரு மில்லி விநாடியின் சிறு பகுதியில் வந்துவிடுகிறது. விநாடிக்குப் பல ஆயிரம் துண்டுகள் கிடைக்கின்றன. கணினி எழுந்து நிற்கும் நேரம் நிமிடங்களிலிருந்து விநாடிகளாகச் சுருங்குவது இதனால்தான்.

தொடர்ச்சியாகப் பெரிய கோப்பை எழுதும் வேலையில் கதை வேறு. நல்ல நிலையிலுள்ள ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி அளவில் நிதானமாக எழுதிக்கொண்டே போகும். மலிவு எஸ்எஸ்டி தன் நினைவகத்தின் ஒரு பகுதியை வேகமான தற்காலிகக் கிடங்காக வைத்துக்கொண்டு அதில் 400, 450 என்று தொடங்கும். கிடங்கு நிரம்பியதும் வேகம் சரியும். அதிலும் ஒரு செல்லில் நான்கு பிட் அடக்கும் க்யூஎல்சி வகையில் அது 100 எம்பிக்கும் கீழே இறங்குவதுண்டு. கல்யாண வீடியோவை நூறு ஜிபி கணக்கில் கொட்டும் ஸ்டூடியோக்காரருக்கு, அந்த ஒரு வேலையில் மட்டும், பழைய ஹார்ட் டிஸ்கே மேல் என்று தோன்றக்கூடும். அவர் நினைப்பதில் தவறில்லை.

இன்னொன்றும் உண்டு. ரேம் 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியில், ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கையே ரேமாகப் பயன்படுத்துகிறது. எஸ்எஸ்டி அந்தத் திணறலைக் குறைக்கும், நீக்காது. எஸ்எஸ்டியை ஒரு படி சிறியதாக வாங்கி, மிஞ்சிய பணத்தில் ரேமைக் கூட்டுவது பல நேரங்களில் நல்ல கணக்கு.

3. கணினி எதை ஏற்கும் என்று பாருங்கள்

பழைய மடிக்கணினிகளில் இருப்பது 2.5 அங்குலச் சாட்டா டிஸ்க். அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் முன்பு வந்தவற்றையும் நான் திறந்து பார்த்தவரை அதே வகைதான். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன்; பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் எஸ்எஸ்டியுடனேயே சில நேரம் வரும். வராவிட்டால் கெட்டி அட்டையை வெட்டி வைத்தாலும் ஆடாமல் நிற்கும்.

எம்.2 துளை உள்ள கணினி என்றால் கவனம் கூடுதலாகத் தேவை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா வகையும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் இருக்கின்றன. சாட்டா மட்டும் ஏற்கும் துளையில் என்விஎம்இயைச் செருகினால், அது துளையில் சரியாக உட்கார்ந்தாலும் கணினி அதைக் காணாது. விளிம்பிலுள்ள வெட்டு ஒன்றா இரண்டா என்று பார்த்து முடிவு செய்யச் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாமல், கணினியின் மாடல் எண்ணை வைத்து உற்பத்தியாளரின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2011-க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் சாட்டா 2 வேகத்தில் இயங்குபவை. அங்கே எஸ்எஸ்டி விநாடிக்கு 270, 280 எம்பிக்கு மேல் போகாது. ஆனால் மேலே சொன்ன காத்திருக்கும் நேரம் அங்கும் குறைவதால், அந்தக் கணினிக்காக விலை கூடிய மாடலைத் தேட வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

4. எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுக்கும்போது

கொள்ளளவை முதலில் முடிவு செய்யுங்கள். 240 ஜிபி என்று விற்பது விண்டோஸில் 223 என்றும், 480 என்பது 447 என்றும் தெரியும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திரும்பிப் போக வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 120 ஜிபியைத் தவிர்த்துவிடலாம்: விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் பாதியை விழுங்கிவிடும், முக்கால் பங்குக்கு மேல் நிரம்பிய மலிவு எஸ்எஸ்டிக்குத் தற்காலிகக் கிடங்கும் சுருங்கிப்போகும்.

அடுத்தது உழைப்பு. உத்தரவாதத் தாளில் மொத்தம் எத்தனை டிபி (ஒரு டிபி ஆயிரம் ஜிபி) எழுதலாம் என்று ஓர் எண் இருக்கும். கிங்ஸ்டன் ஏ400 வரிசையில் 240 ஜிபி மாடலுக்கு அது 80 டிபி. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு ஏழரை டிபிகூட ஆகாது; எண்பதைத் தொடப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வீட்டுக் கணினிக்குத் தேவையற்றது. அந்த எண்ணே அச்சிடப்படாத டிரைவைத்தான் நான் தொடுவதில்லை.

ஒரு செல்லில் மூன்று பிட் அடக்கும் டிஎல்சி, க்யூஎல்சி இரண்டும் ஒரே விலைக்கருகில் கிடைத்தால் டிஎல்சியை எடுங்கள். வகை எதுவென்று சொல்லாமல் விட்டிருந்தால் க்யூஎல்சியாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். நம்பமுடியாத விலையில் பல டிபி கொள்ளளவு என்று விற்கப்படுபவை பலவும் உள்ளே சிறிய மெமரி கார்டை வைத்து, அளவைப் பொய்யாகக் காட்டுபவை. ஐயம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், டிரைவ் முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். அதைத் தகவல் எதுவும் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

5. பேக்கப்: எல்லோரும் மறப்பவை

படங்களையும் ஆவணங்களையும் யாரும் மறப்பதில்லை. மறப்பது வேறு.

முதலாவது, தமிழ் எழுத்துருக்கள். டிடிபி (அச்சுக்கான பக்க வடிவமைப்பு) வேலை செய்பவர்களின் கணினியில் பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். புதிதாக விண்டோஸ் நிறுவிய பின் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், அழைப்பிதழும் பத்திரமும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறிப்போய் அதை அழித்தவரையும் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தட்டச்சு மென்பொருள், எந்த விசைப்பலகை அமைப்பு என்பதையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

இரண்டாவது, டேலி என்ற கணக்கு மென்பொருள். கணக்குகள் இருக்கும் டேட்டா ஃபோல்டர் மை டாக்குமென்ட்ஸில் இருக்க வேண்டியதில்லை. டேலிக்குள்ளேயே பாதையைப் பார்த்து எடுங்கள். புதிதாக நிறுவப் போகிறீர்கள் என்றால் உரிமத்தைப் பழைய நிறுவலிலிருந்து முறைப்படி சரண்டர் செய்துவிடுங்கள், இல்லையெனில் புதிய நிறுவலில் உரிமம் சிக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபோல்டர்களும் இதே வரிசையில் வருபவை. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள்.

பேக்கப் டிஸ்கைக் கணினிக்குப் பக்கத்து அலமாரியிலேயே வைப்பதால் பாதிப் பயன்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்ததும் இதே கரைதான், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கடந்ததும் இதே கரைதான். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் கணினியும் பேக்கப்பும் சேர்ந்தே நனையும். மாடியிலோ, மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டிலோ ஒரு நகல் இருக்கட்டும்.

6. குளோனா, புதிதாக நிறுவுவதா

பழைய டிஸ்க் நலமாக இருந்து, உள்ளே இருக்கும் விண்டோஸும் ஒழுங்காக ஓடினால் குளோன் செய்யலாம். கணினி ஏற்கெனவே வைரஸாலும் தேவையற்ற மென்பொருள்களாலும் தள்ளாடினால், குளோன் அந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்தே கொண்டுவரும்; அங்கே புதிதாக நிறுவுவதே சரி.

குளோனில் புதியவர்கள் தடுக்கிவிழும் இடங்கள் மூன்று. 500 ஜிபி டிஸ்கிலிருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது, நிரம்பியிருப்பது 90 ஜிபிதானே என்று தொடங்குவார்கள். குளோன்ஜில்லா போன்ற மென்பொருள் இலக்கு டிஸ்க் மூலத்தைவிடச் சிறியதாக இருந்தால் மறுத்துவிடும். முதலில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) எஸ்எஸ்டிக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டு, குளோன்ஜில்லாவின் எக்ஸ்பர்ட் தேர்வுகளில் டிஸ்க் அளவுச் சோதனையைத் தவிர்க்கும் -icds குறியைக் கொடுக்க வேண்டும், அல்லது சிறிய டிஸ்குக்கும் ஏற்ப மாற்றித்தரும் மென்பொருளை எஸ்எஸ்டி உற்பத்தியாளரிடமிருந்து பெற வேண்டும். இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும் நிலையில் ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் நிற்கிறது. அந்த நிலையில் உள்ள பார்ட்டிஷனைக் குளோன் மென்பொருள் ஏற்காமல் போகலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள். மூன்றாவதுதான் கொடியது: மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்கின் மேல் நகலெடுப்பது. டிரைவின் பெயரையும் கொள்ளளவையும் திரையில் பார்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்த பொத்தானை அழுத்தும் பழக்கம் எனக்கு உண்டு, வீட்டில் சிரிப்பார்கள்.

புதிதாக நிறுவுவதானால் பென் டிரைவில் நிறுவல் கோப்பைத் தயாரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்பதால் பழைய கணினிகள் பலவற்றில் முறையாக ஏறாது. டேலி, டிடிபி போன்ற கட்டாயம் எதுவும் இல்லாமல், பிரவுசரும் அலுவலக ஆவணங்களும் மட்டும் வேண்டுவோர் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை எண்ணிப் பார்க்கலாம்.

7. மாட்டுதல்

மின்கம்பியைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்துங்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் அதன் இணைப்பை முதலில் விடுவிக்க வேண்டும். உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டுத் தொடங்கினால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். கழற்றிய ஸ்க்ரூக்களை எந்தத் துளையிலிருந்து வந்தனவோ அந்த அமைப்பிலேயே ஒரு தாளில் ஒட்டிவையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேற்புறம் துளைத்துக்கொண்டு வரும்.

மேசைக்கணினியில் எஸ்எஸ்டியை மாட்டத் தனி இடம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. உள்ளே எதுவும் சுழலாததால் இருபுறம் ஒட்டும் டேப்பே போதும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை இல்லாமல் பழைய நான்கு முள் முனையிலிருந்து ஒரு மாற்றியை (அடாப்டரை) போடுவதானால், வார்த்த பிளாஸ்டிக்கால் ஆன மிக மலிவான மாற்றியைத் தவிருங்கள். அவற்றுள் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் புகைந்தவை உண்டு.

8. முதல்முறை இயக்கும்போது

குளோன் செய்த இரண்டு டிஸ்குகளையும் ஒரே நேரத்தில் இணைத்து இயக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவைக்கும். எதிலிருந்து எழுந்தது என்பதும் தெரியாது. எஸ்எஸ்டி மாட்டியும் வேகமே இல்லை என்று ஒருவர் இரண்டு நாள் புலம்பினார். போய்ப் பார்த்தால் கணினி இன்னமும் பழைய டிஸ்கிலிருந்தே எழுந்துகொண்டிருந்தது.

கணினி எழும்போது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸில் சாட்டா அமைப்பு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிஇ என்று இருந்தால் எஸ்எஸ்டியின் திறன் முழுதாக வெளிவராது. புதிதாக நிறுவுவதானால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். குளோன் செய்த விண்டோஸில் திடீரென்று மாற்றினால் நீலத்திரை வரும். அடுத்தமுறை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறி இறங்கினால் சரியாகிவிடும்.

பிறகு ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்ற திரையைத் திறந்து, புதிய டிரைவுக்கு நேரே சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று இருப்பதை உறுதி செய்யுங்கள். அப்படி இருந்தால் விண்டோஸ் தானாகவே டிரிம் அனுப்பும். அழித்த கோப்புகள் இருந்த இடத்தை எஸ்எஸ்டி மறுபடி எழுதுவதற்குத் தயார்செய்துகொள்ளும். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்க வெளியிலிருந்து வாங்கிய டிஃப்ராக் மென்பொருள் இனித் தேவையில்லை.

டிரிமுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஹார்ட் டிஸ்கில் தவறுதலாக அழித்த கோப்பை மீட்பு மென்பொருள் கொண்டு பல நேரம் எடுத்துவிடலாம். டிரிம் ஓடிய எஸ்எஸ்டியில் அது ஏறக்குறைய நடக்காது. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் முனகும், மெதுவாகும். எஸ்எஸ்டியோ நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு இன்று பயாஸிலேயே தெரியாமல் போகக்கூடும். ஆகவே ஒரே ஒரு நகலாக உள்ள எதையும் அதில் வைக்க வேண்டாம்.

9. பழைய டிஸ்கை என்ன செய்வது

ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். மறந்த எழுத்துருவும் மறந்த கடவுச்சொல்லும் அந்த ஒரு மாதத்துக்குள் நினைவுக்கு வந்துவிடும்.

அதன்பின், முதலில் பார்த்த 05, சி5, சி6 மூன்று எண்களும் பூஜ்யமாக உள்ள டிஸ்கை ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டுப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும்; மேசைக்கணினியின் 3.5 அங்குல டிஸ்குக்குத் தனி அடாப்டர் வேண்டும், அது இல்லாமல் இணைத்துவிட்டு டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவோர் பலர். நெடுநாள் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடக்க வேண்டிய நகலுக்கு எஸ்எஸ்டியைவிட இந்த ஹார்ட் டிஸ்கே ஏற்றது. எஸ்எஸ்டியின் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், நம் ஊர் வெப்பத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். தன் எழுத்தளவை முழுதும் தீர்த்துவிட்ட வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் அதற்கான தரவிதியே.

விற்பதானாலும், புதுச்சேரி ஞாயிறு சந்தையில் யாருக்காவது தள்ளிவிடுவதானாலும், க்விக் ஃபார்மேட்டோடு நிறுத்த வேண்டாம். அது பட்டியலை மட்டுமே அழிக்கிறது. க்விக் என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது. 500 ஜிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும்.

ஃபார்மேட்கூட ஏற்காத டிஸ்கைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் உடைக்க நினைப்பவர்கள், கண்ணாடி அணிந்து, டிஸ்கைத் துணியில் சுற்றிக்கொண்டு செய்யுங்கள். மடிக்கணினி டிஸ்குகள் பலவற்றில் தகடு பார்ப்பதற்கு உலோகம் போல மின்னினாலும் கண்ணாடியால் ஆனது; சுத்தியல் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும்.